காணாமற்போன பன்னிரண்டு இலக்கம்

1875-ஆம் ஆண்டில் வெள்ளைக்காரர் இயற்றி, இன்றளவும் நம்மிடையே அமலில் இருந்துவரும் மேஜர் வயதுச் சட்டம் மைனர் என்று கணிக்கிற என் பேத்தி, தன் பெயரில் நிலம் இருந்தாலும் அதை விற்க முடியாது. அவள் எழுதிக் கொடுக்கும் புரோநோட்டு செல்லாது. யார்மீதாவது வழக்குத் தொடுக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றினாலும், பெரியவர் ஒருவர் அவளுக்காக முன்னின்று தொடுக்க வேண்டுமேயன்றி, அவளாகப் போய்க் கோர்ட்டுப் படி ஏற முடியாது. மைனர்கள் தங்களுக்குத் தாங்களே இழைத்துக்கொள்ளக்கூடிய தீங்குகளையெல்லாம் இவ்வாறு முன்கூட்டியே யோசித்துத் தடுத்துவைத்த தீர்க்கதரிசிகள், ஆதார் அட்டையைத் தொலைக்கும் அதிகாரத்தை மட்டும் அவர்களிடமே விட்டுவைத்துவிட்டார்கள்.

அவள்தான் தொலைத்தாள் என்று நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் தஸ்தாவேஜுகள் யாவும், பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, மின்கட்டண அட்டை, எப்போதோ காலமாகிவிட்ட குக்கரின் உத்தரவாதச் சீட்டு உட்பட, ஜவுளிக்கடைப் பை ஒன்றில் கூட்டுக்குடும்பமாக வாசம் செய்வது வழக்கம். பேத்தியின் அட்டையும் அந்தப் பையில்தான் இருந்தது என்பது என் மனைவியின் வாக்குமூலம். பாங்கில் குழந்தைக்குக் கணக்குத் தொடங்கிய அன்று வெளியே எடுத்த அட்டையைத் திரும்ப மாமியார் கையிலேயே ஒப்படைத்துவிட்டதாக மருமகளின் வாக்குமூலம். தானும் பக்கத்து வீட்டுத் தோழியும் திண்ணையில் நடத்திய பாங்கு ஒன்றில் அந்த அட்டை சில நாள் உபயோகத்தில் இருந்தது மெய்யே என்றாலும், பாங்கு மூடப்பட்டபோது ஆஸ்திகள் எல்லாம் உரியவர்களிடம் சேர்ப்பிக்கப்பட்டுவிட்டன என்பது பேத்தியின் வாக்குமூலம். மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாகவும், தனித்தனியே பார்த்தால் நம்பத்தகுந்தனவாகவும் இருந்தபடியால், சர்க்கார் அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டிச் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவன் என்ற ஹோதாவில், முறைப்படி ஒரு விசாரணை நடத்த நான் முன்வந்தேன். விசாரணை அதிகாரி பட்சபாதம் அற்றவராக இருக்க வேண்டும் என்றும், நானோ அதே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவன் என்றும் காரணம் காட்டி, மூன்று தரப்பாரும் ஏகமனதாக என்னை நிராகரித்துவிட்டனர். மகனும் மருமகளும் உத்தியோகத்துக்குப் போகிறவர்கள் ஆதலால், விசாரணைக்கு லாயக்கற்றவன் என்று தீர்ப்பான நானே புது அட்டை வாங்கி வரும் காரியத்துக்கு லாயக்கானவன் என்றும் அதே கூட்டத்தில் தீர்மானமாயிற்று.

அட்டை இப்போது தேவைப்பட்டதற்குக் காரணம், குழந்தை ஐந்தாம் வகுப்பைத் தாண்டி ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர வேண்டியிருந்ததுதான். ஆதார் இல்லையென்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2018 செப்டம்பர் 26-ஆம் தேதியன்று தீர்ப்பளித்திருக்கிறது என்ற விவரத்தை, தேதி பிசகாமல், அந்தப் பள்ளியின் எழுத்தரிடம் நான் எடுத்துரைத்தேன். அவர் அதை மறுக்கவில்லை. "கட்டாயமே இல்லைங்க சார்" என்று மிகுந்த மரியாதையுடன் ஒப்புக்கொண்டார். "நம்பர் போடலைன்னா அடுத்த பக்கத்துக்குப் போகாது, அவ்வளவுதான்." கம்ப்யூட்டரின் திரையை என் பக்கமாகத் திருப்பியும் காட்டினார். அதில் ஒரு கட்டம் காலியாக இருந்து கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை அந்தக் கட்டத்துக்கு யார் வாசித்துக் காட்டுவது? என் காலத்தில் இதே கருத்தைத் தெரிவிக்க நாங்கள் மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, இரண்டு அரசாணைகளை மேற்கோள் காட்டி, மேலதிகாரியின் கையொப்பமும் பெற வேண்டியிருந்தது. எழுத்தருடைய சுருக்கத்தை நான் மனத்துக்குள் மெச்சிக்கொண்டே வெளியே வந்தேன்.

மனிதனுக்கு அடையாளம் வேண்டும் என்ற எண்ணம் சர்க்காருக்குப் புதிதாகத் தோன்றியதன்று. என்னுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில், அங்க அடையாளங்கள் என்ற தலைப்பின்கீழ், இடது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம், வலது முழங்காலில் ஒரு தழும்பு என்று எங்கள் தலைமையாசிரியர் தம் கைப்படப் பதிந்து வைத்தார். அந்த இரண்டு அத்தாட்சிகளை நம்பியே நான் பரீட்சை எழுதினேன், உத்தியோகத்தில் சேர்ந்தேன், பென்ஷனும் வாங்குகிறேன். சட்டைக் கையை மடித்து அந்த மச்சத்தைக் காட்டும்படி ஒரு பிராணியும் இதுவரை என்னைக் கேட்டதில்லை. பிறந்த தேதி விஷயத்திலும் அக்காலத்துத் தலைமையாசிரியர்கள் தாராள சிந்தை படைத்தவர்கள். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது குழந்தைக்கு ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டுமென்றால், அதற்கு அனுகூலமாக ஒரு தேதியை அவர்களே அனுக்கிரகித்துவிடுவார்கள். ஆகையினால்தான் என் தலைமுறையினரில் இத்தனை பேர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்தவர்களாகக் காணப்படுகிறார்கள். அந்த ஏற்பாட்டில் மனிதன் சற்றுக் கற்பனையாக இருந்தாலும் பாதகமில்லை. தெரிந்த ஒருவர் கையெழுத்திட்டால் போதுமானது. இப்போதைய ஏற்பாட்டில் கற்பனைக்கு இடமே இல்லை. மனிதன் ஒரு எண்.

அந்த எண்ணைப் பற்றிச் சற்றே சொல்ல வேண்டும். 2010 செப்டம்பர் 29-ஆம் தேதியன்று மகாராஷ்டிரத்து நந்துர்பார் மாவட்டத்தில் தெம்ப்லி என்ற குக்கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்டது. பூஜ்யத்திலோ ஒன்றிலோ தொடங்காது. கடைசி இலக்கம் மற்றப் பதினொன்றுக்கும் காவல்காரன். ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும், அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றிப் போட்டாலும், எண் செல்லாதது என்று உடனே காட்டிக் கொடுத்துவிடும்படி, வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணித நிபுணர் 1969-இல் வகுத்த முறையைக் கொண்டு அந்தக் கடைசி இலக்கம் கணக்கிடப்படுகிறதாம். தொலைவது வெறும் காகிதந்தான், எண் தொலைவதில்லை. அது எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் க்ஷேமமாக இருக்கிறது. அது என்ன எண் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

முழுக்கத் தெரியவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கடைசி நான்கு இலக்கங்கள் என் மனைவிக்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் முன்பு இருந்த டெலிபோனின் எண்ணும் அந்த நான்கும் ஒன்றாகவே இருந்ததனால், அட்டை வந்த நாளிலேயே அவள் அதைக் கவனித்து, குலதெய்வத்தின் சித்தம் என்று சொல்லி வைத்தாள். ஆனால் ஆதாரை மறைத்துக் காட்ட வேண்டிய இடங்களில் முதல் எட்டு இலக்கங்களையும் மறைத்து, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று சர்க்கார் பகிரங்கமாக விட்டுவைப்பதும் அதே கடைசி நான்கைத்தான். சர்க்கார் ஒளிக்க விரும்பாத பகுதி மட்டும் எங்கள் குடும்ப ரகசியமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நகல் இருக்குமே என்றால், பழைய பள்ளி கோடை விடுமுறைக்கு மூடிக் கிடந்தது. எண்ணை மறந்தவர்கள் கண்டுபிடித்துக்கொள்ள ஒரு வழி செய்யப்பட்டிருக்கிறது என்று பேத்தியே எனக்கு உபதேசித்தாள். பெயரையும், பதிவு செய்த கைப்பேசி எண்ணையும் கொடுத்தால், அந்தக் கைப்பேசிக்கு ஓடிபி வரும். அந்த ஓடிபியை இட்டால் எண் வரும். சட்டப்படி மைனராகிய அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சட்டப்படி மேஜராகிய நான் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் கேட்ட விவரங்களை ஒப்பித்தேன். முதல் தகராறு பெயரிலேயே எழுந்தது. அவள் பெயரில் ஒரு ழகரம் உண்டு; அதை இங்கிலீஷில் எழுதும்போது பெற்றோர் ஒருவிதமாகவும், பிறப்புச் சான்றிதழ் ஒருவிதமாகவும், முகாமில் பதிவு செய்த புண்ணியவான் மூன்றாவது விதமாகவும் எழுதியிருந்தனர். அந்த ழகரத்துக்கு எத்தனை வேஷம் உண்டோ அத்தனையும் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு வேஷத்தில் கம்ப்யூட்டர் அவளை அடையாளங்கண்டு, ஓடிபியை அனுப்பியாகிவிட்டது என்று அறிவித்தது.

அனுப்பியது எங்கே? 2018-இல் அங்கன்வாடியில் நடந்த முகாமில் இரண்டரை வயதுக் குழந்தைக்காகக் கொடுக்கப்பட்டது, என் மகன் அப்போது வைத்திருந்த கைப்பேசி எண். வேறு கம்பெனிக்கு மாறியபோது அவன் அதைக் கைவிட்டான். கைவிடப்பட்ட எண்ணைத் தொண்ணூறு நாள் போனபின் வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. ஆகவே, முன்பின் அறியாத ஓர் அன்பருடைய சட்டைப் பையில் என் பேத்தியின் ஓடிபி போய் இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பழைய எண்ணுக்கே போன் செய்து, அந்த அன்பரிடம் விஷயத்தை விளக்கினேன். பேச்சின் ராகத்திலேயே மனிதர் தாமிரபரணிச் சீமைக்காரர் என்று தெரிந்துவிட்டது.

"வந்திருக்கு அண்ணாச்சி, ஆறு நம்பர், வந்திருக்கு. ஆனா ஓடிபிய ஒருத்தர்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு பாங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்காவள்லா. நீங்க கோவிச்சுக்கிடப்படாது."

நான் யார், என் உத்தியோகம் என்ன, குழந்தையின் படிப்பு என்ன ஆகும் என்றெல்லாம் விஸ்தாரமாக மன்றாடினேன். மோசடிக்காரர்கள் யாவரும் இவ்வளவு விஸ்தாரமாகத்தான் பேசுவார்கள் என்று அவர் வருத்தத்துடன் பதில் சொன்னார். பேச்சுவாக்கில் வேறொரு சமாசாரமும் வெளிப்பட்டது. ஆண்டுதோறும் ஐப்பசி மாதத்தில் ஒரு நகைக்கடைக்காரர் அந்த எண்ணுக்கு, எங்கள் பேத்தியின் பெயரைச் சொல்லிப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறாராம். அதைப் பார்த்துப் பார்த்துத் தமக்கும் குழந்தைமீது ஒரு பிரியம் ஏற்பட்டுவிட்டதாகவும், அந்தப் பிரியத்தினாலேயே ஓடிபியை அந்நியர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். வேண்டுமானால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்தால், பார்த்துவிட்டுத் தந்துவிடலாம் என்று ஒரு யோசனையும் கூறினார். ஓடிபியின் ஆயுள் பத்து நிமிஷம். அவருடைய ஊருக்கு எங்கள் ஊரிலிருந்து ராத்திரி பஸ்.

ஆட்சேபணைக் கலையில் ஆயுளைச் செலவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மனிதருடைய ஆட்சேபணையில் ஓர் ஓட்டை இல்லை. அவருக்கு மட்டும் சர்க்கார் உத்தியோகம் கிடைத்திருந்தால் எவ்வளவோ உயர்ந்திருப்பார்.

அடுத்து 1947 என்ற எண்ணுக்குப் பேசலாம் என்று பேத்தி சொன்னாள். ஆதார் அதிகார சபையார் தங்கள் உதவி எண்ணாக நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டையே வைத்திருப்பது ஞாபக சக்தியைக் கருதித்தான் என்றாலும், சுதந்திரத்துக்கே நாம் காத்திருந்த காலத்தை நினைத்துப் பார்த்து, அதற்குத் தக்கபடி பொறுமையோடு காத்திருக்க அது ஒரு தூண்டுகோலாகவும் அமைந்திருக்கிறது. பாட்டுக் கேட்டுக் காத்திருந்தபின் ஒரு பெண்மணி வந்து, குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றை விசாரித்துத் திருப்தியடைந்து, பதிவுச் சீட்டின் எண்ணைச் சொன்னாள். இது இருபத்தெட்டு இலக்கம். பாதி பதிவு எண், மீதிப் பாதி பதிவு செய்த தேதியும், மணியும், நிமிஷமும், விநாடியும். பன்னிரண்டு இலக்கத்தைத் தேடிப் போனவர்களுக்கு இருபத்தெட்டு இலக்கம் கிடைத்ததில் என் மனைவிக்கு மகிழ்ச்சி. அந்த இருபத்தெட்டை இயந்திரக் குரல் ஒன்றுக்கு அழுத்திக் காட்டியதன் பேரில், அது ஒவ்வோர் இலக்கமாக எங்கள் பன்னிரண்டையும் வாசித்தது. கடைசி நான்கு வந்ததும் என் மனைவி, "நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று எழுந்து நின்றாள். மற்ற எட்டைக் கண்டுபிடித்த பெருமைகூட அந்த நிமிஷத்தில் அவளுடையதாகிவிட்டது.

எண் கிடைத்தபின் அட்டைக்கு எழுதிப் போடுவதோடு காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைரேகையும் கருவிழியும் எடுப்பதில்லை. ஒரு போட்டோவை மட்டும் ஒட்டி, நீல நிறத்தில் ஓர் அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து நிரம்பியதும் ஒருமுறை, பதினைந்து நிரம்பியதும் மறுமுறை, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் ரேகை பதித்து வர வேண்டும். எங்கள் பேத்திக்கு ஐந்து நிரம்பிய காலமோ, கொரோனாவுக்கு அஞ்சி உலகமே கதவடைத்துக்கொண்டிருந்த காலம். ஒருவரையொருவர் தொடலாகாது என்று தண்டோரா போட்ட சர்க்கார், அதே மூச்சில் விரலை வைத்து அழுத்து என்றும் சொல்ல இயலவில்லை. ஆகவே அவள் பத்து வயதிலும் சர்க்காரின் பார்வையில் ரேகையற்ற சிசுவாகவே இருந்தாள். புது அட்டை வாங்கினாலும், அதில் குடியிருக்கப் போவது அந்தச் சிசுதான். அதற்கு அவள் ஒருக்காலும் சம்மதிக்கவில்லை. அதற்குரிய காரணம் பின்னால் வரும்.

தாலுகா அலுவலக வளாகத்தில் உள்ள ஆதார் மையத்துக்கு, காலையில் டோக்கன் கொடுக்கும் வேளைக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். பூவரச மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் இருந்தார்கள், ஜெராக்ஸ் கடை இருந்தது, டீக்கடை இருந்தது. ஒரு பழைய நாகஸ்வர வித்துவான் வேறொருவர் கச்சேரிக்கு ரசிகராகப் போய் முன்வரிசையில் அமர்ந்ததைப் போல, நானும் பெஞ்சியில் அமர்ந்து, இன்றைய தலைமுறை எப்படி வாசிக்கிறது பார்க்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். எங்கள் முறை வந்ததும், கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்:

"சார், நீங்க தாத்தா. அப்பா இல்லைன்னா அம்மா வரணும். வர்றப்போ அவங்க ஆதார், பாப்பாவோட பர்த் சர்டிபிகேட் ஒரிஜினல் எடுத்துட்டு வாங்க. இந்த ஃபாரத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்குங்க. அப்புறம், பாப்பா கையில மருதாணி இருக்கு பாருங்க, ரேகை எடுக்காது, அது போகட்டும்."

நான் அதிர்ந்து போனேன். ஆட்சேபணைகள் சரியாகவே இருந்தன; ஒன்றிலும் பிழை காண முடியாது. ஆனால் நான்கையும் ஒரே மூச்சில், ஒரே தடவையில், முகம் சுளிக்காமல் சொல்லிவிட்டாளே! எங்கள் காலத்தில் இப்படியா செய்தோம்? முதல் தடவை வரும்போது தகப்பன் வேண்டுமென்பது. தகப்பன் வந்து நின்றபின் அசல் சான்றிதழைக் கேட்பது. சான்றிதழும் வந்தபின் படிவம் பழைய மாதிரியானது என்று கண்டுபிடிப்பது. அவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக, இடையே நியாயமான இடைவெளி கொடுத்து, மனுதாரருக்கும் அலுவலகத்துக்கும் ஓர் உறவு வளரும்படி செய்தோம். எங்களிடம் வந்து போன சிலர் என் மகன் கல்யாணத்துக்கே வந்திருந்தார்கள். நான்கு ஆட்சேபணையை ஒரே நாளில் செலவழித்துவிட்டால், நாளைக்கு மனுதாரர் எதற்காக வருவார்? அந்தப் பெண்ணுக்கு இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாமென்று வாயெடுத்தேன். பேத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்துவிட்டாள்.

மருதாணி போகும் வரையில் காத்திருந்து, மகனை லீவு போடச் செய்து, மறுபடியும் போனோம். ஏழு முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ரேகை புதுப்பிக்கக் கட்டணம் இல்லை என்று 2025 அக்டோபர் முதல் ஓராண்டுக்குச் சலுகை அளித்திருந்தார்கள். இலவசம் என்ற காரணத்தால் ஊரிலுள்ள குழந்தைகள் எல்லாம் அங்கே இருந்தன. அவை தின்ற பிஸ்கட்டுக்கும் குடித்த குளிர்பானத்துக்கும் பெற்றோர் கொடுத்த பணத்தை ஒன்றாகத் திரட்டினால், சலுகையால் சர்க்காருக்கு நஷ்டமான தொகையை டீக்கடைக்காரர் ஒருவரே ஈடுகட்டிவிடலாம் என்று எனக்குப் பட்டது.

காத்திருந்த வேளையில், பொழுது போவதற்காகப் பேத்திக்குக் கைரேகையின் சரித்திரத்தைச் சொன்னேன். 1858-இல் வங்காளத்தில் உத்தியோகம் பார்த்த ஹெர்ஷல் என்ற ஆங்கிலேயர், சாலைக்குச் சரக்குப் போடும் காண்டிராக்டர் ஒருவர் பின்னால் பேச்சு மாறாதிருக்க வேண்டி, ஒப்பந்தக் காகிதத்தில் அவருடைய உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்துப் பதிப்பித்தார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயமே ஏற்பட்டது. ஆனால் அது குற்றவாளிகளுக்காக. காண்டிராக்டர்களை நம்ப முடியாமல் ஆரம்பித்த வித்தை, திருடர்கள் வழியாக வந்து, இப்போது ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நிற்கிறது என்று முடித்தேன். இந்த வரிசையில் தன்னைச் சேர்த்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. எனவே அவளைச் சமாதானப்படுத்தும் பொருட்டு, 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, குழந்தையாயிருந்தபோது ஆதார் பெற்றவர்கள் பதினெட்டு வயது நிரம்பியதிலிருந்து ஆறு மாதத்துக்குள், எனக்கு இது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ரத்து செய்துகொள்ளலாம் என்ற விவரத்தைச் சொன்னேன்.

"வேண்டாம்னா திருப்பிக் கொடுத்துடலாமா தாத்தா?"

"கொடுத்துடலாம்."

"புது போட்டோ எப்படி வருதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

போட்டோதான் அவளுடைய பிரதான கவலை. பழைய அட்டைக்குப் படம் எடுத்தது, குலதெய்வத்துக்கு முடி இறக்கிய மறுநாள். பளபளவென்ற மொட்டைத் தலை, அதில் திட்டுத் திட்டாகக் காய்ந்த சந்தனம், கன்னத்தில் எட்டணா அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு. முகம் தெளிவாகத் தெரிவதற்காகப் பொட்டை அழிக்கச் சொன்னபோது, என் மனைவி அழிக்க மாட்டேன் என்று சாதித்துவிட்டாள். ஆகவே அந்தப் பொட்டும் பாரத நாட்டின் நிரந்தரமான தஸ்தாவேஜில் இடம் பெற்றுவிட்டது. இரட்டைப் பின்னல் போட்டு, முன் பல் புதிதாக முளைத்து நிற்கிற இந்தப் பெண்ணும், அந்தச் சந்தன மொட்டையும் ஒருவரே என்று சத்தியம் செய்யத்தான் நான் இவ்வளவு தூரம் அலைந்தேன் என்பதைத் திரையில் அந்தப் படம் வந்து நின்றபோதுதான் கண்ணாரக் கண்டேன். கவுண்டர்ப் பெண் சிரித்துவிட்டாள். பேத்திக்கு முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, புதுசு எடுத்தா இது அழிஞ்சிடுமா?"

"அட்டையில வராது பாப்பா" என்றாள் அவள். உத்தியோக பாஷையில் நல்ல தேர்ச்சி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. முந்தைய தடவை அவள்மேல் எனக்கு உண்டான சந்தேகம் அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது.

முதலில் தகப்பன் விரலை வைத்துச் சாட்சி சொல்ல வேண்டும், வைத்தான். பிறகு குழந்தையின் வலக்கையில் நான்கு விரல், இடக்கையில் நான்கு விரல், கடைசியில் கட்டைவிரல் இரண்டும் சேர்த்து. குழந்தைகளின் ரேகை மிருதுவானது. கண்ணாடியில் வைத்ததும் வியர்த்துவிடுகிறது. துணியால் துடைத்துத் துடைத்துப் பதித்தார்கள். கருவிழிக்கான கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "இமைக்காம நல்லா முறைச்சுப் பாரு பாப்பா" என்றாள் கவுண்டர்ப் பெண். பெரியவர்களை முறைக்கக் கூடாதென்று பாட்டி வருஷக்கணக்காக போதித்துவந்த குழந்தைக்கு, முறைக்கும்படி சர்க்காரே உத்தரவிட்டதும் அதில் காட்டிய சிரத்தை இருக்கிறதே, கருவி ஒரே தடவையில் கண் இரண்டையும் வாங்கிக்கொண்டுவிட்டது. மகனுடைய இப்போதைய கைப்பேசி எண்ணையும் அங்கேயே பதிந்து, சீட்டைக் கையில் கொடுத்தார்கள்.

சில நாள் கழித்து, எல்லாம் சரியாயிற்று என்று செய்தி வந்தது. கோப்பு ஒன்றைக் கம்ப்யூட்டரில் இறக்கினோம். அது கடவுச்சொல் கேட்டது. பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே கடவுச்சொல் என்று விதி. நான் என்ன எழுதினாலும் திறக்கவில்லை. இனிஷியலும் பெயரைச் சேர்ந்தது, இனிஷியலுக்குப் பக்கத்திலிருக்கும் புள்ளியும் ஓர் எழுத்து, அதற்கப்பால் உள்ள வெற்றிடம் மட்டும் கணக்கில் சேராது என்று பேத்தி கண்டுபிடித்துத் திறந்தாள். தொல்காப்பியருக்குப் பிறகு புள்ளிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தவர்கள் ஆதார் அதிகார சபையார்தாம். பணம் கட்டி எழுதிப் போட்டதன் பேரில், பிளாஸ்டிக் அட்டையும் ஸ்பீடு போஸ்டில் வந்து சேர்ந்தது. போட்டோவைப் பார்த்தாள், பதினெட்டு வயதில் யோசிக்கலாம் என்றாள். பள்ளியில் அந்தக் கட்டம் நிரம்பி அடுத்த பக்கமும் திறந்தது.

இதற்கு ஒரு வாரம் கழித்து, எங்கள் பழைய எண்ணிலிருந்து எனக்குப் போன் வந்தது.

"அண்ணாச்சி, சௌக்கியமா? கொஞ்ச நாளா ஓடிபி ஒண்ணும் வரக் காணும். பிள்ளைக்குக் காரியம் ஆயிட்டா?"

ஆயிற்று என்று சொல்லி, விசாரித்ததற்கு நன்றியும் சொன்னேன். அவர் உடனே போனை வைக்கவில்லை. சற்றுத் தயங்கிவிட்டு விஷயத்துக்கு வந்தார். அவருடைய மகளின் அட்டையையும் இப்போது காணவில்லையாம்; அந்த அட்டைக்குக் கொடுத்திருந்தது, எங்கள் எண் கிடைப்பதற்கு முன் அவர் வைத்திருந்த எண்ணாம்; அந்த எண் இப்போது சேலம் பக்கத்தில் யாரோ ஓர் அம்மாளிடம் இருக்கிறதாம்.

"அந்தம்மாட்ட பேசணும் அண்ணாச்சி. அன்னைக்கு என்ட்ட நீங்க என்னென்ன சொன்னீய, ஒண்ணு விடாம வரிசையாச் சொல்லுங்க."

"அதையெல்லாம் கேட்டுவிட்டுத்தானே நீங்கள் மறுத்தீர்கள்?"

"அதான் கேக்கேன். அதெல்லாம் விட்டுட்டு வேற சொல்லணும்லா."